தும்மலை நிறுத்தப் போய்

1819-ல் லண்டன் மருத்துவர் ஜான் பாஸ்டாக் ஒரு விசித்திர நோயாளியைப் பற்றி மருத்துவச் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். எட்டு வயதிலிருந்தே அந்த ஆளுக்கு ஆண்டுதோறும் கோடை வந்தால் கண் அரிக்கும், மூக்கு ஒழுகும், அடுக்குத் தும்மல் வரும், மூச்சு முட்டும். நோயாளி வேறு யாருமில்லை, பாஸ்டாக்கேதான். வெயிலின் சூடுதான் காரணம் என்று அவர் நம்பினார்.

அந்த நம்பிக்கையை உடைத்தவர் மான்செஸ்டரின் சார்லஸ் பிளாக்லி. அவருக்கும் அதே தொல்லை. கையில் தோலைக் கீறி, ஈரப்படுத்திய புல் மகரந்தத்தை வைத்துக் கட்டினார். அந்த இடம் தடித்து அரித்தது. பசை தடவிய கண்ணாடித் தகடுகளைப் பட்டத்தில் கட்டிப் பறக்கவிட்டு, உயரத்திலும் மகரந்தம் மிதப்பதைக் காட்டினார். 1873-ல் இவற்றையெல்லாம் புத்தகமாக வெளியிட்டார்.

குற்றவாளி பிடிபட்டாலும், அது உடம்புக்குள் என்ன செய்கிறது என்பது புரியவில்லை. 1910-ல் ஹென்றி டேலும் பேட்ரிக் லெய்ட்லாவும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை விலங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். கடும் ஒவ்வாமை அதிர்ச்சியில் காணப்படும் அறிகுறிகள் பலவும் அப்படியே தோன்றின. அந்தப் பொருள் நுரையீரலிலும் கல்லீரலிலும் இயல்பாகவே இருக்கிறது என்பது 1927-ல் உறுதியானது.

அப்படியானால் அதைத் தடுக்க வேண்டியதுதானே? 1937-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவேயும் ஆன்மரி ஸ்டாபும் ஹிஸ்டமினைத் தடுக்கும் முதல் மருந்தைக் கண்டுபிடித்தார்கள். உயிரைப் பறிக்கும் அளவு ஹிஸ்டமினிலிருந்தும் அது கினிப்பன்றிகளைக் காத்தது. ஆனால் மனிதர்களுக்குக் கொடுக்க முடியாத அளவுக்கு அதில் நச்சுத்தன்மை இருந்தது. 1942-ல் பெர்னார்ட் ஹால்பர்னின் ஆன்டெர்கன் அந்தக் குறையைத் தீர்த்தது. 1946-ல் அமெரிக்காவில் பெனட்ரில் வந்தது. அந்தப் பரம்பரையில் வந்தவைதான் நம்மூர் மருந்துக்கடைகளில் கிடைக்கும் அவிலும் சி.பி.எம்.-மும்.

தும்மல் நின்றது; கூடவே தூக்கமும் வந்தது. இந்த மருந்துகள் எங்கே போய் ஒட்டுகின்றன என்பது அப்போது ஊகம்தான். ஹிஸ்டமின் தூண்டும் இரைப்பை அமிலத்தை இவற்றால் குறைக்க முடியாதது இன்னொரு புதிர். 1966-ல் ஆஷும் ஷில்டும் இவை தடுக்கும் ஏற்பிக்கு, அதாவது செல்லில் ஹிஸ்டமின் போய் ஒட்டும் இடத்துக்கு, எச்1 என்று பெயரிட்டார்கள். அமிலத்துக்குப் பொறுப்பான எச்2-வை 1972-ல் ஜேம்ஸ் பிளாக்கின் குழு பிரித்துக் காட்டியது. ஆக, மருந்துகள் பிறந்து கால் நூற்றாண்டு கழித்தே ஏற்பிக்குப் பெயர் கிடைத்தது.

மூக்கில் நடப்பதும் தெளிவானது. மகரந்தம் பட்டதும் மாஸ்ட் செல்கள் எனப்படும் நோய் எதிர்ப்புச் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. அது நரம்பு முனைகளின் எச்1-ல் அமர்ந்தால் அரிப்பும் தும்மலும். ரத்தக் குழாய்களின் எச்1-ல் அமர்ந்தால் நீர்க்கசிவும் வீக்கமும். மூளையிலோ நம்மை விழிப்பாக வைப்பதில் அதே எச்1-க்குப் பங்குண்டு. பழைய மாத்திரைகள் மூளைக்குள்ளும் நுழைந்து அதை அடைத்ததால்தான் அந்தத் தூக்கம்.

மூளைக்குள் அதிகம் புகாத டெர்ஃபெனடின் 1980-களில் பரவலானது. ஆனால் சில மருந்துகளோடு சேர்ந்தால் இதயத் துடிப்பைக் குலைத்ததால் 1990-களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. உடம்பில் அது மாறி உருவாகும் ஃபெக்ஸோஃபெனடினுக்கு அந்த ஆபத்து இல்லை, அதுவே மாத்திரையாகிவிட்டது. எச்1-ஐ அடைத்தாலும் மூக்கடைப்பு மட்டும் அவ்வளவாக விடுவதில்லை. அதற்கு மருத்துவர்கள் இன்று பெரும்பாலும் ஸ்டீராய்டு ஸ்பிரேயைத்தான் எழுதித் தருகிறார்கள்.