குடியுரிமை

ஒசூர்ப் பேருந்து நிலையத்தருகே, பயண முகவர் ஒருவரின் பலகையில் ‘இரட்டைக் குடியுரிமை பெற்றுத் தரப்படும்’ என்று எழுதியிருக்கக் கண்டு வருந்தினேன். அந்நிய தேசத்துக் குடியுரிமையைத் தாமே விரும்பி ஏற்றவர் அக்கணமே இந்தியக் குடியுரிமையை இழக்கிறார் என்பதன்றோ 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி! அயல்நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கென 2005இல் தோன்றிய ஓ.சி.ஐ. (இந்தியாவின் கடல்கடந்த குடிமகன்) திட்டத்தின் அட்டையும் கடவுச்சீட்டைப் போலவே சிறு புத்தகமாக இருப்பதால், தேவனஹள்ளி விமான நிலையத்தில் அயல்நாட்டுக் கடவுச்சீட்டோடு அதனையும் சேர்த்து நீட்டுவோரை இரு நாட்டுக் குடிகளென்று கருதும் பிரமை எளிதில் உண்டாகிறது. ஆயினும் அதனால் வாக்குரிமையும் கிட்டாது, விவசாய நிலம் வாங்கும் உரிமையும் கிட்டாது. குடியுரிமை என்பதிலுள்ள ‘குடி’ பழந்தமிழில் வீட்டையும் குடும்பத்தையும் குலத்தையும் குறித்து, குடித்தனம், குடிக்கூலி, குடியேற்றம் எனப் பலவாறு கிளைத்த சொல். வள்ளுவர் ‘குடிமை’ என்று அதிகாரம் வகுத்தது நற்குடிப் பிறந்தாரின் சீலத்தைச் சொல்லவே. இன்றோ அச்சொல் ‘குடிமைப் பொருள் வழங்கல்’ என ரேஷன் அரிசியோடு வழங்குகிறது. முன்னர் இங்கும், இலங்கையில் இன்றும் வழங்கும் பிரஜாவுரிமை என்பதிலுள்ள ‘பிரஜை’யும் வடமொழியில் முதலில் சந்ததியையே குறித்தது, ஆகவே இரண்டுமே வீட்டில் பிறந்து அரசுக்குச் சென்ற சொற்கள். இரட்டைப் பிரஜாவுரிமையைச் சட்டம் அனுமதிக்கும் இலங்கையில் அத்தொடர் முற்றும் பொருந்தும், நம் ஓ.சி.ஐ. அட்டைக்கோ ‘ஆயுள் நுழைவுரிமை’ என்பதே தகுமென்பது என் துணிபு.