சண்டேசுவரர் பெயரால் நின்ற அறங்கள்

கல்வராயன் மலையின் அடிவாரத்தே, கோமுகி ஆற்றுக்கு அணித்தாக அமைந்துள்ளது கச்சிராயபாளையம். திருநாவுக்கரசரும் சுந்தரரும் தோன்றியதும், மெய்ப்பொருள் நாயனாரும் நரசிங்கமுனையரையரும் அரசு புரிந்ததுமாகிய நடுநாட்டைச் சார்ந்த பகுதி இது. இத்தகைய ஊர்களில் அன்பர் பதின்மர் ஒருங்குகூடி உழவாரப்பணியோ திருமுறை ஓதுதலோ மேற்கொள்ளத் துணியின், அவர்முன் இரண்டு வினாக்கள் எழும். பொருள் எங்ஙனம் வரும் என்பது ஒன்று. வந்த பொருள் எங்ஙனம் நிலைபெறும் என்பது மற்றொன்று. இக்காலத்தார் முன்னதைப் பற்றியே பெரிதும் கவலுகின்றனர். நம் முன்னோரோ பின்னதையே அரிய வினாவாகக் கொண்டனர் என்பது கோயிற் கல்வெட்டுக்களை நோக்குவார்க்கு இனிது புலனாகும்.

ஈதல் அக்காலத்து அரிதாய் இருந்ததன்று. திருவாமூரில் தோன்றிய மருணீக்கியார், யாக்கை நிலையாமையும் செல்வ நிலையாமையும் உணர்ந்து, அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் அமைத்தார் என்பது பெரியபுராண வரலாறு. அவரே திருநாவுக்கரசராய் விளங்கிய பின்னர், திங்களூர் அப்பூதியடிகள் தாம் செய்த தருமங்கள் அனைத்திற்கும் தம் பெயரை இடாது அவ்வடியார் திருப்பெயரையே இட்டனர். ஈவோன் தன் பெயரை மறைத்து அடியவர் பெயரை முன்னிறுத்தும் இம்மரபே, பிற்காலத்துக் கோயிற் பொருளாட்சியிலும் வேரூன்றி நின்றது.

திருக்கோவலூர் மலையமான் குலத்திற் பிறந்த வானவன்மாதேவியார் ஈன்ற மைந்தனே முதலாம் இராசராசன். நடுநாட்டுக் குலக்கொடியின் மகனாகிய அவ்வேந்தன் தஞ்சையில் எடுத்த பெருங்கோயில் 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. ஆண்டுள்ள கல்வெட்டுக்கள் அறப்பொருளைக் காக்கும் முறையைத் தெளிவுறக் காட்டுவன. நந்தா விளக்கு ஒன்றிற்கு ஆடு 96 விடப்பெற்றன. பசுவாயின் 48, எருமையாயின் 16. அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். சோழர் காலச் சாசனங்கள் இவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு என வழங்கும். தனி ஆடு மூக்கும், சாகும். ஆயின் ஈன்ற குட்டி அவ்விடத்தை நிரப்புதலின், எண் ஒருபோதும் குறைவதில்லை. முதல் அழியாது பயன் மட்டும் நுகரப்படும் என்னும் நெறியை இதனினும் எளிதிற் கூறல் அரிது.

காசு வைத்த அறங்களிலும் இந்நெறியே. இராசராசேச்சரத்திற்கு அளிக்கப்பெற்ற காசுகளை ஊர்ச்சபையார் பெற்று, காசு ஒன்றிற்கு ஆண்டொன்றில் அரைக்கால் காசு, அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம் பலிசை செலுத்தினர். அவர் அக்காசினை யாரிடம் பெற்றனர் எனின், அரசனிடம் அன்று, கோயில் அதிகாரியிடமும் அன்று. ஆதிசண்டேசுவர தேவரிடம் பெற்றதாகவே கல்வெட்டுக் கூறும். சிவன்கோயில்களில் நிலம் விற்றலும் கொள்ளலும் அவர் பெயராலேயே நிகழ்ந்தன.

நாயன்மார் பலருள்ளும் இவ்வுரிமை இவர்க்கே வந்தது எற்றினால்? சேய்ஞலூரில் எச்சதத்தன் மகனாய்த் தோன்றிய விசாரசருமர், மண்ணியாற்றங்கரையில் மணலாற் சிவலிங்கம் அமைத்து, தாம் மேய்த்த பசுக்கள் தாமே சொரிந்த பாலைத் திருமஞ்சனம் ஆட்டி வழிபட்டார். தந்தை அப்பாற்குடத்தைக் காலால் இடறியபோது, கையிலெடுத்த கோல் மழுவாயிற்று. தந்தை தாள்கள் துணிபட்டன. இறைவன் அவரைத் தொண்டர்க்கெல்லாம் தலைவராக்கித் தன் சடையிற் கொன்றைமாலையை அவர்க்குச் சூட்டினன். கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பம் அவ்வருட்காட்சியை இன்றும் காட்டி நிற்கின்றது. இறைவனுக்கென வைத்தது ஒரு குடம் பாலே. அதனை அழித்தவன் பெற்ற தந்தையே. பொருளின் சிறுமையும் உறவின் பெருமையும் அவர் கண்ணிற் படவில்லை. அத்தகையார் கையிலன்றி அறப்பொருளை வேறு யார் கையில் ஒப்புவித்தல் தகும்? கோயிலை வலம்வந்தோர் அவர் திருமுன் கைகளைத் தட்டி, இறைவன் பொருள் யாதும் எம்மிடம் இல்லை எனக் காட்டும் வழக்கமும் இக்கருத்துப் பற்றியதே.

திருக்கூட்டங்களுக்கு அளித்த அறங்களும் இவ்வாறே வகுக்கப்பெற்றன. தஞ்சையில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய நாற்பத்தெண்மர் பிடாரரும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிப்பார் இருவரும் நியமிக்கப்பெற்று, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் அளக்கப்பெற்றது. அவருள் ஒருவர் இறப்பினும் வேற்றூர் செல்லினும் அடுத்த உறவினர் அப்பணியை ஏற்பர். அவர் தகுதியிலராயின் தக்காரை ஆளிடல் வேண்டும். உறவினரே இலராயின் அக்கூட்டத்தாரே தக்காரைத் தேர்வர். திருவாமாத்தூரில் கண்ணிழந்தார் பதினறுவர் திருப்பதியம் ஓதவும், அவர்க்கு வழிகாட்டுவார் இருவர் உடன் இருக்கவும் நிவந்தம் ஏற்பட்டது. ஓதுவாரை மட்டும் எண்ணாது, அவர் கைபிடித்து அழைத்து வருவாரையும் எண்ணிய அந்த அறவோர் உள்ளம் போற்றற்குரியது.

இத்துணைக் காவல் இருந்தும், தாம் மறைந்த பின்னர் யாது நேருமோ என்னும் அச்சம் ஈந்தாரை விட்டு நீங்கவில்லை. ஆதலின், இவ்வறத்தைக் காப்பானுடைய பாதம் என் தலைமேற் கிடப்பதாக என்னும் பொருள்பட அவர் சாசனங்களை முடித்தனர். பெயரும் குலமும் அறியப்படாத, இனிப் பிறக்கவுள்ள ஒருவன் அடியைப் பேரரசரும் தம் முடிமேற் கொள்கின்றனர்! ஈந்தாரினும் காத்தார் உயர்ந்தார் என்பதே இதன் துணிபு.

அவர் அஞ்சியது பொய்யாகவில்லை. காவலர் பலர் உடையவராக மாறினர். விளக்கெரிய விட்ட நிலம் சிலர் வீட்டு அடுப்பெரிக்கப் பயன்பட்டது. அரசாங்கம் 1817-இல் அறநிலையங்களின் மேற்பார்வையை ஏற்றது. 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அப்பொறுப்பு உள்ளூர்க் குழுக்களிடம் விடப்பட்டது. 1925-இல் அறநிலைய வாரியம் தோன்றியது. 1959-ஆம் ஆண்டுச் சட்டம் இன்றைய ஆட்சிமுறைக்கு அடிப்படையாயிற்று. சட்டம் மாறிமாறி வந்தமையே, காவல் எத்துணை அரிது என்பதற்குச் சான்றாம்.

வருவாய் குன்றிய கோயில்களில் ஒருகால பூசையேனும் நிகழ வேண்டி, அரசினர் வைப்புநிதி இட்டு அதன் வட்டியால் வழிபாடு நடத்தும் திட்டம் இன்று உள்ளது. அவ்வகைக் கோயில்கள் 12,959-இற்கு வைப்புநிதியை ஓரிலட்சத்திலிருந்து இரண்டிலட்சம் ரூபாயாக உயர்த்துவதென 2021-இல் அறிவிக்கப்பெற்றது. முதல் நிற்க வட்டியால் அறம் நடத்தும் இம்முறை, ஆயிரம் ஆண்டுக்கு முன்னர்ச் சண்டேசுவரர் பெயரால் நடந்த முறையே.

ஆதலின், கச்சிராயபாளையம் போலும் ஊர்களில் சிவப்பணிக்கெனக் கூடும் அன்பர், நன்கொடை சிறிதாயினும் பெரிதாயினும், முதலைத் தொடாது வைத்து, வரவு செலவை ஊரறியக் காட்டி, தமக்குப்பின் பணியேற்பாரை முன்னரே தகுதிபற்றித் தேர்ந்து கொள்க. ஒரு குடம் பாலைக் காத்தார்க்குக் கொன்றைமாலை கிடைத்தது. கணக்கேட்டை எடுக்குந்தோறும் அதனை நினைவார்க்குச் சிவன் சொத்துக் குலநாசம் என்னும் பழமொழி அச்சம் விளைப்பதன்று. அவர் காத்தது அவர் குலத்தையும் காக்கும்.