படு என்னும் சொல்லும் பழவேற்காட்டுப் பாடும்

ஆங்கில அகராதி தொகுப்போரைத் திணற வைப்பவை நீண்ட, கடினமான சொற்கள் அல்ல. சிறு குழந்தையும் அறிந்த குட்டி வினைச்சொற்களே. 1989இல் வெளிவந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்னும் வினை நானூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களோடு முதலிடம் பெற்றிருந்தது. 2011இல் 'ரன்' அதை முந்திவிட்டது. ஓடு என்று பள்ளியில் நாம் படித்த அந்த ஒரு வினைக்கு 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார்கள்!

தமிழில் இத்தகைய சொல் எது? நான் 'படு' என்பேன். தலையணையில் தலை வைப்பதும் படு, கண்ணில் தென்படுவதும் படு, துன்பப்படுவதும் படு. இலக்கணக்காரர் இதை இரண்டாகப் பிரிப்பர். படுத்தான் என்று வருவது ஒன்று. பட்டான் என்று வருவது மற்றொன்று. இரண்டாவதுதான் வளமானது. அகப்படு, புலப்படு, உடன்படு, வெட்கப்படு என்று எதனோடும் ஒட்டிக்கொள்ளும். செயப்பாட்டு வினைக்கும் இதுவே துணை. 'இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுகிறது' என்ற அரசு அறிவிப்பில் இருப்பதும் இந்தப் படுதான்.

இதன் பழைய பொருள்களில் ஒன்று, வலையில் சிக்குதல். அந்தப் பொருள் ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதைக் காணப் பழவேற்காட்டுக்குப் போக வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்தில், வங்கக் கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் இடைப்பட்ட மணல் திட்டில் இருக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். ஊருக்குப் பெயர் தந்தது கலங்கரை விளக்கம். ஏரிக்கு அக்கரையில் இருப்பது பழவேற்காடு; டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய ஊர். கோட்டை போய்விட்டது. கடற்கரையில் புழங்கிய சொல் போகவில்லை. எந்தக் குப்பத்திலும் 'இன்று மீன்பாடு எப்படி?' என்று கேட்கலாம். மீன் எவ்வளவு பட்டது என்பதே கேள்வி.

படு என்பது பாடு ஆனது எப்படி? கெடு கேடாவதும் சுடு சூடாவதும் போலத்தான். முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருப்போம். ஆனால் பழவேற்காட்டில் பாடு என்றால் பிடிபட்ட மீன் மட்டுமன்று. வலை கட்டும் குறிப்பிட்ட நீர்ப்பரப்பும் பாடு. அங்கே முறைவைத்துத் தொழில் செய்யும் ஏற்பாடும் பாடு.

முறை ஏன் வேண்டும்? இறாலின் வாழ்க்கையைப் பார்த்தால் விளங்கும். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சுகள் சில வாரங்களில் ஓதத்தோடு முகத்துவாரம் வழியே ஏரிக்குள் நுழைகின்றன. உவர்நீரில் இரை தின்று வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. ஏரி எவ்வளவு பரந்திருந்தாலும் அவை வெளியேறும் வாசல் குறுகியது. அங்கே கழிகளை ஊன்றிச் சுத்து வலை கட்டினால், வடியும் நீரோட்டமே இறாலை வலைக்குள் தள்ளிவிடும். இத்தகைய நல்ல இடங்கள் சிலவே. முந்தியவனுக்கே இடம் என்று விட்டுவிட்டால் நாள்தோறும் அடிதடிதான்.

ஆகவே சீட்டுக் குலுக்கி முறை வகுத்தார்கள். பாட்டில் உரிமையுள்ள குடும்பத் தலைவனைத் தலைக்கட்டு என்பார்கள். இன்று உனக்கு நல்ல இடம் என்றால் அடுத்த முறை வேறொருவனுக்கு. அன்று வலையில் என்ன விழும் என்பதை யாரும் பங்கிட முடியாது. வலை போடும் வாய்ப்பைப் பங்கிடலாம். காவலரும் எழுத்துச் சட்டமும் இல்லாமல் இதை நடத்திய கெட்டிக்காரத்தனம் ஆராய்ச்சியாளரையும் ஈர்த்தது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1991இல் பழவேற்காட்டு முறையைப் பற்றிய ஆய்வு ஒன்றை வெளியிட்டது.

இந்த ஏற்பாட்டைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. பட்டினவர் சமூகத்துத் திருமணமான ஆண்களுக்கே, அதிலும் குறிப்பிட்ட சில குப்பத்தாருக்கே பாடு உரியதாக இருந்தது. பெண்களுக்கு இடமில்லை. இடுப்பளவு நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கும் இடமில்லை. உறையவைத்த இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை திறந்து விலை ஏறியபின், வெளியே நின்றவர்களும் ஏரியில் பங்கு கேட்டார்கள்; குப்பங்களுக்கிடையே சச்சரவுகள் எழுந்தன. உள்ளே இருப்பவனுக்கு நியாயமாகத் தோன்றிய அதே சீட்டு, வெளியே இருப்பவனுக்குப் பூட்டிய கதவாகத் தெரிந்தது. பாடு என்பதற்குத் துன்பம், உழைப்பு என்ற பொருள்களும் உண்டல்லவா? அவை மட்டும் எல்லாருக்கும் பொதுவாக இருந்தன.

அகராதிகள் இந்தச் சொல்லை என்ன செய்தன? 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, படு, பாடு இரண்டின் பொருள்களையும் வரிசை எண்ணிட்டு அடுக்குகிறது: நிகழ்ச்சி, துன்பம், உறக்கம், பெருமை, இடம் என்று. அகராதிக்கு அது தேவைதான். வலைக்காரனுக்கோ இடமும் முறையும் பிடிபட்டதும் பட்ட பாடும் ஒரே மூச்சில் வருபவை. ஆய்வாளர்களும் ஆங்கிலத்தில் தக்க சொல் கிட்டாமல் 'பாடு' என்றே எழுதிவிட்டார்கள்.

இன்னொன்றும் சுவையானது. நெய்தல் திணைக்குத் தொல்காப்பியம் வகுத்த சிறுபொழுது எற்பாடு. எல் என்றால் கதிரவன். அதன் பாடு, அதாவது சாய்தல். கடற்கரைக்குரிய பொழுதின் பெயருக்குள்ளும் அதே பாடு!

பழவேற்காட்டோடு இது முடியவில்லை. கொச்சிக் காயலில் ஊன்றி வலைக்காரரிடையே உள்ள முறைக்கும் பாடு என்றே பெயர். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் கழிவலை கட்டும் மீனவர் சங்கங்களும் சீட்டுக் குலுக்கியே இடம் பிரித்துக்கொள்கின்றன. அந்த வழக்கத்தை அரசு 1958இல் விதிகளாகவே எழுதிவிட்டது. ஈழத்துக் கடற்கரைகளில் கரைவலை இழுக்கும் எல்லையும் பாடுதான். கிளிநொச்சி மாவட்டத்தில் பூநகரிப் பக்கம் ஒரு மீனவர் ஊர் இருக்கிறது. அதன் பெயர் வலைப்பாடு.