உங்கள் நாட்டில் பார்க்க முடியாது

போன கிழமை வேலை முடிந்து வந்து சோற்றுக் கோப்பையோடு கதிரையில் இருந்தபோது மகள் கேட்டாள்.

"அப்பா, நீங்கள் கனடாவுக்கு வந்த நேரம் நெற்ஃபிளிக்ஸ் இல்லையெல்லோ? இரவிலை என்ன பாத்தனீங்கள்?"

"பஃபலோவைப் பாத்தனான்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. அவளுக்குச் சொல்லத் தொடங்கிய கதையைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன். இது இணையத்தில் ரீவி பார்க்கத் தொடங்கிய காலத்தின் வரலாறு. என் கண்ணில் அது எல்லைகளின் வரலாறாகவும் தெரிகிறது.

2001 மாசி மாதம். பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு, எங்கெங்கோ அலைந்து, அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். உங்களில் பலருக்கு அந்தப் பாதை தெரியும். கனடா எல்லையில் அகதிக் கோரிக்கை வைக்க ஒரு திகதி கிடைக்கும்வரை, அகதிகள் தங்கும் ஒரு விடுதியில் இருந்தேன். அங்கே கூடத்தில் ஒரு பழைய ரீவி. இரண்டாம், நாலாம், ஏழாம் சனல்கள் நன்றாகத் தெரியும். மொழி பாதிதான் விளங்கும். வெளியே பனி. வேறு வேலையும் இல்லை.

பிறகு ஒருநாள் அமைதிப் பாலத்தைக் கடந்து ஃபோர்ட் ஈரிக்கு வந்தேன். அங்கிருந்து ஸ்காபரோ. நாலு பொடியள் இருந்த பேஸ்மென்றில் ஐந்தாவது ஆளாக ஒரு மெத்தை கிடைத்தது. அங்கேயும் ஒரு ரீவி. தெருவில் யாரோ எறிந்ததை ஒருவன் தூக்கி வந்திருந்தான். முயல் காது மாதிரியான அன்ரனாவை ஜன்னல் பக்கம் திருப்பினால், அதே இரண்டும் நாலும் ஏழும்! நான் விட்டுவிட்டு வந்த பஃபலோ எனக்குப் பின்னால் ஏரியைக் கடந்து வந்தது போல இருந்தது.

அதில் அதிசயம் எதுவுமில்லை. இரண்டு நகரங்களுக்கும் இடையில் ஒன்ராறியோ ஏரி. நேர்கோட்டில் ஏறக்குறைய நூறு கிலோமீற்றர். தண்ணீருக்கு மேலே அலைகளை மறிக்க மலையுமில்லை, கட்டடமுமில்லை. ரொறன்ரோ மக்கள் பல தலைமுறையாகப் பஃபலோச் சனல்களை இப்படித்தான் பார்த்தார்கள்.

யாழ்ப்பாணத்தவருக்கு இது புதிதா? எண்பதுகளில் நீளக் குழாயில் அன்ரனா கட்டி, கடல் தாண்டி வரும் தூரதர்ஷனைப் பிடித்தவர்கள் நாங்கள். ஒருவர் முற்றத்தில் நின்று குழாயைத் திருப்புவார். இன்னொருவர் உள்ளே இருந்து "வந்திட்டுது, வந்திட்டுது, ஐயோ போட்டுது" என்று கத்துவார். பாக்கு நீரிணையில் கடற்படை நின்றது. அலைகளை அதனால் மறிக்க முடியவில்லை.

இனி இணையத்துக்கு வருவோம். 1995இல் றியல்ஓடியோ வந்தது. 1997இல் றியல்வீடியோ வந்தது. முழுக் கோப்பையும் இறக்காமல், துண்டு துண்டாக வரவர ஓடவிடும் முறை அது. தொலைபேசி வயரில் வந்த அந்தக் காலத்து இணைப்பில் படம் தீப்பெட்டி அளவில்தான் தெரியும். அதுவும் அடிக்கடி நின்றுவிடும். ஆனாலும் ஒரு பெரிய எண்ணம் அதற்குள் இருந்தது. அன்ரனாவால் நூறு கிலோமீற்றர் போனதை, இதால் உலகம் முழுக்க அனுப்பலாமே!

அந்த எண்ணத்தை முதலில் துணிந்து செய்த இடங்களில் ஒன்று எங்கள் ரொறன்ரோதான். நான் வருவதற்கு முன்பே அந்தக் கதை முடிந்துவிட்டது. என்னோடு வேலை செய்த ஒரு போர்த்துக்கேயச் சமையல்காரர்தான் எனக்கு அதைச் சொன்னார். 1999 கார்த்திகைக் கடைசியில் 'ஐ-கிரேவ் ரீவி' என்ற நிறுவனம், ரொறன்ரோவிலும் பஃபலோவிலும் காற்றில் வந்த 17 சனல்களைப் பிடித்து இணையத்தில் விட்டது. இலவசம். படத்தைச் சுற்றி அவர்களுடைய விளம்பரம்.

அவர்களுடைய வாதம் இதுதான். காற்றில் வரும் சனலைப் பிடித்து மறுபடி அனுப்பக் கேபிள் நிறுவனங்களுக்குக் கனடாச் சட்டம் இடம் தருகிறது, நாங்களும் அதைத்தான் செய்கிறோம். அந்த வருடம்தான் கனடாவின் ஒலிபரப்பு ஆணையமும் இணையத்தைத் தான் ஒழுங்குபடுத்தப் போவதில்லை என்று சொல்லியிருந்தது.

கனடாக்காரர் மட்டும் பார்ப்பதற்கு அவர்கள் வைத்த காவல் என்ன தெரியுமா? உங்கள் தொலைபேசியின் பிரதேச இலக்கத்தைக் கேட்பார்கள். 416 என்று அடித்தால் நீங்கள் ரொறன்ரோக்காரர். உள்ளே போகலாம். கேட்பார்கள், சொன்னால் நம்புவார்கள்! எந்த எல்லையிலும் எங்களுக்கு அப்படி ஒரு அதிகாரி வாய்க்கவில்லை.

அமெரிக்கப் பட நிறுவனங்களும் ரீவி வலையமைப்புகளும் விளையாட்டுச் சங்கங்களும் சேர்ந்து வழக்குப் போட்டன. 2000 தை மாதம் பிற்ஸ்பேர்க் நகரத்துச் சமஷ்டி நீதிமன்றம் தடை போட்டது. அமெரிக்காவில் இருப்பவரும் 416 என்று அடித்துவிட்டுப் பார்க்கலாம், எனவே இது அமெரிக்கச் சட்டத்தை மீறுகிறது என்பதுதான் காரணம். அடுத்த மாதமே இணக்கம் கண்டு சேவையை மூடினார்கள். மூன்று மாதம்கூட ஓடவில்லை. 2002 கடைசியில் கனடாவும் சட்டத்தைத் திருத்தி, கேபிளுக்கு இருந்த அந்த உரிமை இணையத்துக்கு இல்லை என்று ஆக்கியது.

எனக்கு இந்த வழக்கு பெரிய திருப்பமாகத் தெரிகிறது. இயல்பில் எல்லையே இல்லாத ஒரு சாதனத்துக்கு, நீ எல்லை போட்டால்தான் ரீவி காட்டலாம் என்று சொல்லியாயிற்று.

ஏன் எல்லை வேணும்? காசுதான் காரணம். ஒரு நிகழ்ச்சியைத் தயாரிப்பவர் அதை நாடு நாடாக விற்கிறார். அமெரிக்க நிகழ்ச்சியைக் கனடாச் சனல் ஒன்று காசு கொடுத்து வாங்கினால், கனடாவுக்குள் அது அவர்களுடைய சொத்து. 1972இலிருந்து கனடாவில் ஒரு விதி இருக்கிறது. ஒரே நிகழ்ச்சி ஒரே நேரத்தில் இரண்டு நாட்டுச் சனலிலும் போனால், கேபிள்காரர் அமெரிக்கச் சனலின் இடத்திலும் கனடாச் சனலின் ஒளிபரப்பையே விளம்பரத்தோடு போடவேண்டும். கேபிளில் எல்லை ஏற்கனவே இருந்தது. அன்ரனாவில் மட்டும்தான் இல்லை.

இப்போது என் நண்பனின் கதை. கம்பஸில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். 2005இல்தான் அவனால் அமெரிக்கா வரை வர முடிந்தது. நான் வந்த அதே பாலத்தால் வரத்தான் அவனும் நினைத்தான். ஆனால் 2004 மார்கழி 29இல் பாதுகாப்பான மூன்றாம் நாடு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் கால் வைத்தவர் அங்கேயே கோரிக்கை வைக்கவேண்டும். தாய், தகப்பன், சகோதரம் போல நெருங்கிய உறவு கனடாவில் இருந்தால் விலக்கு உண்டு. அறை நண்பன் உறவில்லை. அவன் நியூஜேர்சியில் ஒரு பெற்றோல் செற்றில் இரவு வேலைக்குப் போனான்.

அவன் இருந்த பக்கத்தில் அந்த நேரம் என்ன நடந்தது பாருங்கள். 2005 ஐப்பசியில் அப்பிள் நிறுவனம் ரீவி நிகழ்ச்சிகளை ஒன்று 1.99 டொலருக்கு விற்கத் தொடங்கியது. 2006 வைகாசியில் ஏபிசி வலையமைப்பு 'லோஸ்ற்' உட்பட நாலு தொடர்களைத் தன் தளத்தில் இலவசமாக விட்டது. 2007 தையில் நெற்ஃபிளிக்ஸ் ஏறக்குறைய ஆயிரம் தலைப்புகளோடு இணையத்தில் காட்டத் தொடங்கியது. 2008 பங்குனி 12இல் ஹுலு எல்லோருக்கும் திறந்தது. எல்லோருக்கும் என்றால், அமெரிக்காவில் இருக்கும் எல்லோருக்கும்.

எங்களைப் போன்ற ஆட்களுக்காகவே செய்த சாமான் மாதிரி இருந்தது அது. ரீவியில் நல்ல நிகழ்ச்சி போகும் இரவு எட்டு, ஒன்பது மணி எங்கள் குசினியில் ஓடர் குவியும் நேரம். ஏழாம் சனலில் 'லோஸ்ற்' போகும்போது நான் கோப்பை கழுவிக்கொண்டிருப்பேன். ஒருநாள் சாமம் ஒரு மணிக்கு வந்து, நண்பன் சொன்ன தளம் ஒன்றைத் திறந்தேன். கறுப்புப் பெட்டிக்குள் ஒரு வரி: இது உங்கள் நாட்டில் பார்க்க முடியாது.

இந்த முறை ஒருவரும் பிரதேச இலக்கம் கேட்கவில்லை. உங்கள் இணைப்புக்கு ஒரு ஐ.பி. இலக்கம் உண்டு. எந்த இலக்கத் தொகுதி எந்த நாட்டு நிறுவனத்துக்குக் கொடுபட்டது என்று பதிவு இருக்கிறது. தளம் அந்தப் பட்டியலைப் பார்க்கிறது, கதவைச் சாத்துகிறது. கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை.

பிறகு ஒரு வழக்கம் வந்தது. ஞாயிறு பகலில் நண்பன் ரெலிபோன் எடுத்து, அந்தக் கிழமைக் கதையைச் சொல்வான். விமானம் விழுந்து ஒரு தீவில் மாட்டுப்பட்ட சனங்களின் கதை. அவன் சொல்லச் சொல்ல நான் வெங்காயம் உரிப்பேன். ஒருமுறை இடையில் நிறுத்திவிட்டுச் சொன்னான். "மச்சான், எனக்குப் படம் வருது, வர ஏலாது. உனக்கு வர ஏலும், படம் வருதில்லை." இரண்டு பேரும் சிரித்தோம். நான் ரெலிபோனை வைத்த பிறகும் கனநேரம் அந்த இடத்திலேயே இருந்தேன்.

களவாகப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தோம். மெகாவீடியோ போன்ற தளங்கள் அப்போது எங்கள் ஆட்களின் பேஸ்மென்றுகளில் நல்லாய் ஓடின. 2012 தையில் அமெரிக்க அரசு மெகாஅப்லோட்டை மூடியபோது அதுவும் போனது. நான் அதை நியாயப்படுத்த வரவில்லை. படம் எடுப்பவனும் தொழிலாளிதான். சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் போகிறவனைப் பார்த்தால் எனக்கும் கோபம் வரும். ஆனால் காசோடு வாசலில் நிற்கிறவனை, நீ நிற்கும் தெரு பிழை என்று திருப்பி அனுப்பினால், அவன் பின்கதவைத்தான் தேடுவான். எல்லையில் நின்ற எவருக்கும் இது தெரியும்.

2010 புரட்டாதியில் நெற்ஃபிளிக்ஸ் கனடாவுக்கு வந்தது. அமெரிக்காவுக்கு வெளியே அவர்கள் காலடி வைத்த முதல் நாடு. மாதம் 7.99 டொலர். முதல் மாதமே கட்டினேன். ஹுலு தனிச் சேவையாகக் கனடாவுக்கு வரவேயில்லை. 2016 தை 6இல் நெற்ஃபிளிக்ஸ் ஒரேயடியாக 130 நாடுகளில் திறந்தது. அதே மாதம், ஒரு நாட்டில் இருந்துகொண்டு இன்னொரு நாட்டில் இருப்பதாகக் காட்டுகிறவர்களைத் தடுக்கப்போவதாகவும் அறிவித்தது. கதவு அகலத் திறந்தது. காவலும் அதோடு கூடியது.

நண்பனுக்கு அங்கேயே வதிவிட உரிமை கிடைத்து, 2017 கோடையில் காரில் பாலத்தைத் தாண்டி வந்தான். பதினேழு வருடத்துக்குப் பிறகு கண்டோம். சாப்பிட்டுவிட்டு, அவன் பார்த்துக்கொண்டிருந்த படம் ஒன்றைக் காட்டப் போனைத் திறந்தான். படம் இல்லை. பாலத்தைத் தாண்டியதும் பட்டியலே மாறிவிட்டது!

"என்னை விட்டிட்டாங்கள். என்ரை படத்தைப் பிடிச்சு வைச்சிட்டாங்கள்" என்றான்.

2023 பங்குனியில் அந்த ஒப்பந்தத்தை நில எல்லை முழுக்க நீட்டினார்கள். இன்றைக்கு ஒரு பொடியன் பஃபலோவில் நின்றால் அவனுக்கு என் பாதை இல்லை.

மகளுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. ஜன்னலில் இப்போதும் இருக்கும் அன்ரனாவைக் காட்டினேன். ஒளிபரப்பு எல்லாம் டிஜிற்றலுக்கு மாறிவிட்டது. ஆனாலும் கொஞ்சம் தெற்குப் பக்கம் திருப்பினால் பஃபலோ வரும். திருப்பினேன். வந்தது.

"இதுக்குப் பாஸ்வேர்ட் இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. இது ஆரெண்டு கேக்காது" என்றேன்.

சரி, நாளைக்குப் பத்து மணிக்கு வேலை. பிறகு சந்திப்போம்.