உணவுக்கூடமும் நடனக்கூடமும்: அமெரிக்கச் சிற்றூர்ப் பள்ளிக்குள் அரசு நுழைந்த இரு வழிகள்

அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் உயர்நிலைப் பள்ளி மாணவரது வாழ்க்கையில் பாடத்திட்டத்துக்கு வெளியே இரண்டு நிகழ்வுகள் முதன்மையானவை. ஒன்று, நாள்தோறும் நண்பகலில் உணவுக்கூடத்தில் நிற்கும் வரிசை. மற்றொன்று, ஆண்டுக்கொருமுறை வசந்தகாலத்தில் நடக்கும் ‘ப்ராம்’ நடன விழா. சூசன் லெவின் பள்ளி உணவின் அரசியலை 2008இலும், ஏமி பெஸ்ட் ப்ராமின் சமூகவியலை 2000இலும் நூல்களாக ஆராய்ந்துள்ளனர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு துலங்குகிறது. உணவுக்கூடத்துக்குள் ஒன்றிய அரசு மானியத்தோடு முன்னதாகவே நுழைந்தது. நடனக்கூடத்துக்குள் நீதிமன்றத்தின் வழியாகப் பிந்தி, அதுவும் அரைகுறையாகவே நுழைய முடிந்தது. தென்மாநிலச் சிற்றூர்களில் நிறப்பாகுபாடு பல பத்தாண்டுகள் ஒளிந்திருந்தது இந்த இடைவெளியில்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தகரப்பெட்டியிலிருந்து சட்டம் வரை

பள்ளியில் சூடான உணவு வழங்கும் முயற்சி நகரங்களில் தொடங்கியது. 1890களில் பாஸ்டனில் எல்லன் ரிச்சர்ட்ஸ் தொடர்பு கொண்டிருந்த நியூ இங்கிலாந்து கிச்சன் உயர்நிலைப் பள்ளிகளுக்கு உணவு அனுப்பியது. ஓராசிரியர் பள்ளிகள் நிறைந்த நாட்டுப்புறத்தில் அதற்கு வழியில்லை. பிள்ளைகள் தகரப்பெட்டியில் கொண்டுவந்த ஆறிய உணவையே உண்டனர். விஸ்கான்சின் மாநிலத்து ஆசிரியர்கள் இதற்கொரு மாற்றுக் கண்டனர். வீட்டிலிருந்து கண்ணாடிப் புட்டியில் கொண்டுவரும் சூப்பையோ கோகோவையோ, வகுப்பறைக் கணப்பின்மேல் வைத்த நீர் வாளியில் இறக்கிச் சூடாக்கிக் கொடுத்தனர்.

பெருமந்தக் காலம் இந்நிலையை மாற்றியது. உழவர்களிடம் விலைபோகாமல் தேங்கிய விளைபொருளை 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையோடு அரசு வாங்கிப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. டபிள்யூ.பி.ஏ. எனும் வேலைவாய்ப்புத் திட்டம் சமையலுக்கு ஆட்களை அமர்த்தியது. 1941 மார்ச்சில் அத்திட்டம் 23,160 பள்ளிகளில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லட்சம் பேருக்கு உணவளித்தது. இதே மிகைவிளைச்சல் கொள்கையின் நீட்சியாகவே 1960களில் ‘கேர்’ அமைப்பின் வழியே அமெரிக்கப் பால்பொடி சென்னை மாநில மதிய உணவுத் திட்டத்துக்கும் வந்தது.

1946 ஜூன் 4 அன்று குடியரசுத் தலைவர் ட்ரூமன் தேசியப் பள்ளி உணவுச் சட்டத்தில் கையொப்பமிட்டார். அதை முன்னின்று நிறைவேற்றியவர் ஜார்ஜியாவின் செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸல். நிறப்பிரிவினையை விடாப்பிடியாகக் காத்தவரும் அவரே. ஆயினும் பிரதிநிதிகள் சபையில் ஹார்லம் உறுப்பினர் ஆடம் கிளேட்டன் பவல் கொண்டுவந்த திருத்தம், ஒன்றிய அரசு பள்ளி உணவுக்குத் தரும் நிதியைப் பங்கிடுவதில் நிறப்பாகுபாடு கூடாது என்ற விதியைச் சட்டத்தில் சேர்த்தது. நடைமுறையில் அது பல்லாண்டுகள் வலுவற்றிருந்தது. ஆனாலும் அரசுப் பணத்தோடு அரசு நிபந்தனையும் பள்ளிக்குள் வரும் என்ற நெறி அப்போதே வேரூன்றிவிட்டது.

ப்ராம்: அரசுப் பணம் தொடாத விழா

ப்ராம் 1890களில் அமெரிக்க வடகிழக்குக் கல்லூரிகளில் வழங்கிய பழக்கம். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு இறங்கி, போருக்குப் பிந்தைய செழிப்பில் நாடெங்கும் நிலைபெற்றது. சிற்றூரில் அது ஊன்றியதற்கு இன்னொரு காரணம் பள்ளிகளின் இணைப்பு. 1940இல் நாட்டில் 1,17,000க்கு மேலிருந்த பள்ளி மாவட்டங்கள் 1970இல் 18,000 அளவுக்குச் சுருங்கின. பேருந்தில் தொலைவிலிருந்து வரும் பிள்ளைகள் நண்பகலில் வீடு திரும்ப முடியாததால் உணவுக்கூடம் தேவையாயிற்று. பல ஊர்களுக்கு ஒரே பள்ளி என்றானபோது அதன் விழா சுற்றுவட்டாரம் முழுவதற்கும் உரிய விழாவாயிற்று.

செலவைத் திரட்டும் முறைதான் இரண்டையும் வேறுபடுத்தியது. பல பள்ளிகளில், இறுதியாண்டு மாணவர்களுக்காகப் பதினொன்றாம் வகுப்பினர் நிதி திரட்டி ப்ராம் நடத்துவது மரபு. வாஷிங்டனின் பணம் அதில் இல்லை. ஆகவே அதன் விதிகளும் இல்லை. விழா வேண்டுமா, யார் யாரோடு வரலாம் என்பதைப் பள்ளி வாரியமும் பெற்றோரும் தேவாலயமுமே முடிவு செய்தன.

ஓக்லஹோமாவின் எல்மோர் சிட்டி இதற்குச் சான்று. ஆயிரம் பேர்கூட வாழாத அவ்வூரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே நடனத்துக்குத் தடை இருந்தது. மாணவர்கள் போராடி 1980இல்தான் முதல் ப்ராமைப் பெற்றனர். 1984இல் வெளிவந்த ‘ஃபுட்லூஸ்’ திரைப்படத்துக்குத் தூண்டுதல் அந்நிகழ்வே. மிசூரி மாநிலத்துப் பர்டி என்னும் சிற்றூரில் இதே கோரிக்கை தோற்றது. பள்ளியில் நடனத்தைத் தடுத்த விதி சமயச் சார்புடையது என்று மாவட்ட நீதிமன்றம் ஏற்றது. 1989இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றித் தடையை நிலைநிறுத்தியது.

1970: இரு பாதைகள் பிரிந்த ஆண்டு

1970 மே மாதம் நிறைவேறிய சட்டத்திருத்தம், இலவச உணவுக்குத் தகுதிபெறும் வருமான வரம்பை நாடு முழுவதற்கும் வரையறுத்தது. இலவசமாக உண்ணும் பிள்ளையைத் தனி வரிசையாலோ தனி வில்லையாலோ அடையாளப்படுத்தக் கூடாது என்றும் விதித்தது.

அதே காலத்தில்தான், 1969 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பை அடுத்து, மிசிசிப்பி உள்ளிட்ட தென்மாநிலங்களின் பள்ளிகள் கறுப்பு, வெள்ளை மாணவர்களை ஒரே கட்டடத்துக்குள் கொண்டுவந்தன. பல பள்ளிகள் உடனே ப்ராமைக் கைவிட்டன. அவ்விடத்தில் பெற்றோர், வாடகைக் கூடங்களில், வெள்ளை மாணவர்க்கு ஒன்றும் கறுப்பு மாணவர்க்கு ஒன்றுமாகத் தனித்தனி விழா நடத்தினர். தனியார் விருந்தில் சட்டத்துக்குப் பிடி இல்லை. நண்பகலில் ஒரே கூடத்தில் உண்ணச் சட்டம் ஏற்பாடு செய்திருந்த பிள்ளைகள் இரவில் வெவ்வேறு கூடங்களில் ஆடினர்.

மிசிசிப்பியின் சார்ல்ஸ்டன் பள்ளி இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. அப்பகுதியைச் சேர்ந்த நடிகர் மார்கன் ஃப்ரீமன், பொது ப்ராம் நடத்தினால் செலவை ஏற்பதாக 1997இல் முன்வந்தார்; யாரும் இணங்கவில்லை. 2008இல் மீண்டும் சொன்னபோது பள்ளி ஏற்றது. அவ்வாண்டிலும் சில வெள்ளைப் பெற்றோர் தனி விழா நடத்தினர். ஜார்ஜியாவின் வில்காக்ஸ் கவுண்டியில் 2013இல் கறுப்பு, வெள்ளை மாணவியர் சிலர் கூடித் தாங்களே நிதி திரட்டிப் பொது ப்ராம் நடத்தினர். மறு ஆண்டு பள்ளியே அதை ஏற்று நடத்தியது.

நீதிமன்றத்தின் எல்லை

ப்ராமுக்குள் சட்டம் நுழைந்த முதன்மையான வழக்கு ரோட் ஐலந்தின் கம்பர்லாந்தில் எழுந்தது. 1980இல் ஆரன் ஃப்ரிக் என்ற மாணவர் ஆண் துணையோடு வருவதைப் பள்ளி தடுத்தது. அது கருத்துரிமையின்பாற்பட்டது என்று ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்து அவரை அனுமதிக்கச் செய்தது. ஆனால் முப்பது ஆண்டுகளுக்குப் பின், மிசிசிப்பியின் ஃபுல்டனில் கான்ஸ்டன்ஸ் மெக்மில்லன் தம் தோழியோடு வர விரும்பியபோது பள்ளி வாரியம் ப்ராமையே இரத்து செய்தது. அவரது உரிமை மீறப்பட்டதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. எனினும் பெற்றோர் தனி விழா நடத்தவிருந்ததைக் கருதி, பள்ளி விழாவை நடத்தக் கட்டளையிடவில்லை. பின்னர் வாரியம் 35,000 டாலர் இழப்பீட்டுக்கு உடன்பட்டது. 1970இல் நிறத்துக்காகக் கைக்கொண்ட உத்தியே 2010இல் வேறொரு விலக்கலுக்குப் பயன்பட்டது.

மாணவரின் மறுப்புக் குரல்

மானியத்தோடு வரும் விதி எப்போதும் பொருந்தும் என்றும் கொள்வதற்கில்லை. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி 2012இல் வந்த உணவு விதிகள், உயர்நிலைப் பள்ளி மதிய உணவுக்கு 850 கலோரி உச்சவரம்பு வைத்தன. கான்சஸின் ஷாரன் ஸ்பிரிங்ஸ் சிற்றூர் மாணவர்கள், பண்ணை வேலையும் விளையாட்டும் உள்ள தங்களுக்கு அது போதாது என்று பகடிப் பாட்டுக் காணொளி வெளியிட்டனர். அது நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு டிசம்பரில் வேளாண் துறை, இறைச்சிக்கும் தானியத்துக்கும் வைத்திருந்த வாரவரம்பைத் தளர்த்தியது. விதியை எழுதியவர் யார் என்பது தெரிந்திருந்ததால்தான் எதிர்ப்புக்கு ஒரு முகவரி கிடைத்தது. தனியார் ப்ராமை எதிர்த்தவர்களுக்கு அப்படியொரு முகவரி இல்லை.

முடிவுரை

பள்ளி வாழ்வில் சமத்துவம் நுழைந்த விரைவை முடிவு செய்தது, செலவு யாருடையது, பொறுப்பு யாருடையது என்பதே. உணவுக்கூடத்தில் பொதுப்பணம் இருந்தது. ஆகவே குறையைக் கேட்க இடமும் திருத்த வழியும் இருந்தன. ப்ராமில் பொறுப்பைப் பள்ளி நினைத்த நேரத்தில் கைகழுவ முடிந்தது. ஆகவே சார்ல்ஸ்டனில் ஒரு பொது விழாவுக்கு 38 ஆண்டுகள் ஆயின. பள்ளிகளில் பாகுபாட்டை ஆராய்வோர் வகுப்பறைப் பதிவேட்டோடு நிற்காமல், பள்ளி தன் பொறுப்பிலிருந்து நழுவவிட்ட விழாக்களின் வரலாற்றையும் தேடித் தொகுக்க வேண்டும்.