தஞ்சைக் கம்பெனி ஓவியம்

18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, கிழக்கிந்தியக் கம்பெனியாருக்காகத் தஞ்சாவூர் ஓவியர்கள் காகிதத்தில் வரைந்த படங்கள் இப்பெயர் பெறும். கோயில் சுவர்களில் தெய்வக் கதைகளின் ஓரத்தில் நின்ற குடிமக்கள், இவற்றில் படத்தின் நடுவுக்கு வந்தனர். வரைந்தவர்களை ஐரோப்பியர் ‘முச்சி’ என்று அழைத்தனர். இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில் இக்கலை செழித்திருந்தது.

படங்கள் தொகுதிகளாக விற்கப்பட்டன. அவற்றைத் தொழில் இணைகள், திருவிழாவும் ஊர்வலமும், தெய்வ உருவங்கள் என மூன்றாகப் பகுக்கலாம். இவற்றுள் தொழில் இணைகளே சிறந்தவை. ஒரு தாளுக்கு ஒரு கணவனும் மனைவியும் நிற்பர். காலடியில் சிறு துண்டுத் தரை, பின்னால் வெறும் வானம். கள் இறக்குபவர் இடுப்பில் பாளை சீவும் கத்தியுடன் நிற்க, அவர் மனைவி தலையில் பானை இருக்கும். வண்ணாரும் நெசவாளரும் குயவரும் இவ்வாறே தத்தம் கருவிகளோடு வருவர். சேலைக் கொசுவம், தொங்கும் காதணி, நெற்றிக்குறி ஆகியவற்றை ஓவியர் மிகுந்த கவனத்துடன் தீட்டினர். திருச்சிராப்பள்ளியில் இத்தகைய உருவங்களைக் காக்காப்பொன் எனப்படும் மைக்காத் தகட்டிலும் வரைந்தனர். சில தொகுதிகளில் அட்டையில் முகம் மட்டும் இருக்கும்; உடை தீட்டிய தகடுகளை அதன்மேல் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம்.

வீட்டு வாழ்வைக் காட்டும் டச்சு ஓவியங்களோடு இவற்றை ஒப்பிடலாம். 17ஆம் நூற்றாண்டு ஹாலந்தில் வெர்மீர், பீட்டர் டி ஹோக், யான் ஸ்டீன் ஆகிய ஓவியர்கள் சமையலறையையும் முற்றத்தையும் வரைந்தபோது, வாங்கியவர்கள் அந்நாட்டு நகரவாசிகளே. தங்களைப் போன்றோரின் வாழ்வையே தங்கள் சுவரில் மாட்டினர். தஞ்சையில் வாங்கியவர் அந்நியர். அதனால் அடுப்பும் திண்ணையும் தொட்டிலும் இணைப் படங்களில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. மனைவியின் கையிலும் தலையிலும் உள்ள பொருள்களே வீட்டைக் காட்டுகின்றன. இவற்றை வெறும் சாதிப் பட்டியல் என ஒதுக்குவது தவறு. அக்காலத் தமிழ்ப் பெண் சேலை கட்டிய விதத்தையும் கூடை சுமந்த விதத்தையும் வண்ணத்தில் காட்டும் சான்றுகளில் இவற்றுக்கு இணையானவை சிலவே.

பின்னர் நிழற்படம் வந்தது. 1858இல் நிழற்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப் தஞ்சைக் கோயிலை நிழற்படம் எடுத்தார். 1868–75இல் இந்திய மக்களைப் பற்றிய எட்டு நிழற்படத் தொகுதிகள் லண்டனில் வெளியாயின. ஓவியரின் வேலையைக் கேமரா எடுத்துக்கொண்டது. கம்பெனி ஓவியங்கள் பல இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. நம் காலத்தில் கும்பகோணம் பகுதியைச் சேர்ந்த ஓவியர் எஸ். இளையராஜா (மறைவு 2021), அவ்வோவியங்கள் பெரும்பாலும் காட்டாத தமிழ்ப் பெண்களின் வீட்டு வாழ்வை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார்.