குருத்துவம் பெறாத மறைப்பணியாளர்: தொமேனிக்கோ சிப்போலி

கேட்டது கிடைக்காத செபங்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அப்படியொரு செபத்தோடு இவ்வுலகை விட்டுச் சென்றவர் இத்தாலிய இசைமேதை தொமேனிக்கோ சிப்போலி.

இவர் 1688ஆம் ஆண்டு, இத்தாலியின் பிராத்தோ நகரில் பிறந்தார். புளோரன்சு, நேப்பிள்ஸ், உரோமை முதலிய நகரங்களில் இசை பயின்றார். 1715இல், உரோமையில் இயேசு சபையின் தாய்க்கோவிலான ஜெசு ஆலயத்தில் ஆர்கன் இசைக்கும் பொறுப்பு இவருக்குக் கிடைத்தது. மறு ஆண்டே இவரது ஆர்கன் இசைத்தொகுப்பு அச்சேறியது. இனி புகழும் பதவியும் தேடிவரும் என்ற நிலையில், அதே 1716இல், ஸ்பெயினின் செவில்லா நகருக்குச் சென்று இயேசு சபையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 27.

1717 ஏப்ரலில் மறைப்பணியாளர்கள் பலரோடு கப்பலேறி, ஜூலையில் புவெனஸ் ஐரெஸ் துறைமுகத்தை அடைந்தார். இன்றைய அர்ஜென்டினாவிலுள்ள கொர்தோபா நகரில் மெய்யியலும் இறையியலும் கற்றார். விட்டுவிட்டு வந்த இசையையே அங்கும் சபை அவரிடம் ஒப்படைத்தது. திருநாள்களில் அவர் வாசிப்பதைக் கேட்க மக்கள் திரண்டதாக அக்காலத்துச் சபைக் குறிப்புகள் கூறுகின்றன.

1725இல் படிப்பு முடிந்தது. ஆனால், அவரைக் குருவாகத் திருநிலைப்படுத்த அப்பகுதியில் ஆயர் இல்லை. காத்திருந்த வேளையில் காசநோய் அவரை வாட்டியது. 1726 ஜனவரி 2ஆம் நாள், தமது 37ஆம் வயதில், ஒரு திருப்பலிகூட நிறைவேற்றாமலே இறைவனடி சேர்ந்தார்.

1767இல் ஸ்பெயின் அரசர் மூன்றாம் சார்லஸ், இயேசு சபையினரைத் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றினார். சிப்போலி அங்கு எழுதிய இசையும் அழிந்ததாகவே கருதப்பட்டது. உரோமை இசைக்கலைஞரும் கொர்தோபாவில் இறந்த துறவியும் ஒருவரே என்பதுகூட 1940களில்தான் தெளிவாயிற்று.

பின்னர், 1959இல், பொலிவியாவின் சுக்ரே நகரில் அவரது திருப்பலி இசை கண்டெடுக்கப்பட்டது. அவர் இறந்து 58 ஆண்டுகளுக்குப்பின், 1784இல், பொத்தோசி நகரில் எடுக்கப்பட்ட பிரதி அது. 1972 முதல், அந்நாட்டின் சிக்கித்தோஸ் பகுதியில் பழைய மறைத்தளக் கோவில்களைப் புதுப்பிக்கும் பணி நடந்தபோது, ஆயிரக்கணக்கான இசைத்தாள்கள் கிடைத்தன. அவற்றில் சிப்போலியின் படைப்புகளும் பல இருந்தன. குருக்கள் வெளியேற்றப்பட்டு இருநூறு ஆண்டுகள் கடந்தும், அவற்றைக் காத்துவந்தவர்கள் அவ்வூர்ப் பழங்குடி மக்களே.

குருத்துவத்திற்காகவே கடல் கடந்தவருக்குக் குருத்துவம் கிட்டவில்லை. எனினும், தம் கையால் திருப்பலி ஒப்புக்கொடுக்க இயலாதவரின் இசை, பிறர் நிறைவேற்றிய திருப்பலிகளில் ஒலித்தது. இதை அவர் அறியாமலே கண்மூடினார் என்பதையும் நாம் மறக்கலாகாது. நாம் விரும்பிய பணி கிட்டாதபோது, கையிலுள்ள பணியை மனமுவந்து செய்கிறோமா? இவ்வாரம் நம்மையே கேட்டுப் பார்ப்போம்.